வைரத்தகட்டின் இடது ஓரம்

சீவல் மறுபடியும் இடது ஓரத்தில் கிழிந்தது.

சாயோ இழைப்புளியைத் தன் பக்கமாக இழுத்தபடி பின்னால் நடந்துகொண்டே வந்தாள். ஹினோக்கி மரக் கட்டையின் மேல் எழுந்த சீவல் அவ்வளவு மெலிசு. ஊதினால் மிதக்கும். விரலில் போட்டுப் பார்த்தால் ரேகை தெரியும். ஆனால் அந்த ஒரு ஓரம் மட்டும் எலி கொறித்த துணி மாதிரி. நேற்றும் அப்படித்தான், போன மாதமும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை ஒவ்வொரு இடத்தில் கிழிந்திருந்தால் தன் கை சரியில்லை என்று அவளே ஒத்துக்கொண்டிருப்பாள். எப்போதும் ஒரே இடத்தில் தப்பு செய்கிற கை உலகத்தில் எங்காவது உண்டா?

"மணிக்கட்டு," என்றார் முரோய் மேஸ்திரி, தன் வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே. "பொம்பளைப் புள்ளைங்க மணிக்கட்டு அவ்வளவுதான். கடைசில தளர்ந்துடும்."

"தளர்ந்தா கடைசிலதானே கிழியணும், மேஸ்திரி? எனக்கு இழுக்க ஆரம்பிக்கறப்பவே கிழியுதே."

"அப்ப ஆரம்பிக்கறப்பவே தளர்ந்திருக்கு."

பக்கத்து மேடையில் தெய்ஜி களுக்கென்று சிரித்தான். சாயோ வயதுதான் அவனுக்கும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு இந்தப் பட்டறையில் சேர்ந்து மேஸ்திரியிடமே தொழில் கற்றவன். சாயோ அப்படியில்லை. ஒகயாமாவில் வேறொரு பட்டறையில் கற்றுவிட்டு இங்கே மிகிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷமும் அவள் இழைத்ததெல்லாம் கூரைக்குள் மறைகிற உத்திரம், தரைக்கு அடியில் போகிற கட்டை. கண்ணுக்குத் தெரிகிற மரம், அதாவது வரவேற்பறைத் தூண், சன்னிதிப் பலகை, இதெல்லாம் மேஸ்திரிக்கும் தெய்ஜிக்கும்தான்.

அதற்கு ஒரு கணக்கு இருந்தது. இலையுதிர் காலத்தில் நாடு முழுக்க இருக்கிற தச்சர்கள் ஓரிடத்தில் கூடி இழைப்புப் போட்டி நடத்துவார்கள். மரத்தில் ஒன்றும் செய்யப்போவதில்லை; யார் சீவல் மெலிசு, யார் சீவல் முழு அகலத்துக்குக் கிழியாமல் வருகிறது என்பதுதான் போட்டி. ஒவ்வொரு பட்டறையிலிருந்தும் இரண்டு பேர். இந்தப் பட்டறையில் யார் போட்டிக்குப் போகிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த வருஷம் முழுக்கக் கண்ணுக்குத் தெரிகிற மரம். மேஸ்திரி எப்படியும் போவார். மிச்சம் ஓரிடம். சனிக்கிழமை அவர் முன்னால் தெய்ஜியும் சாயோவும் இழைத்துக் காட்டவேண்டும். தோற்றால் இன்னொரு வருஷம் கூரைக்குள்தான்.

"சும்மா நிக்காத," என்றார் மேஸ்திரி. "கிக்குவே கடைக்குப் போய் ஒரு வைரத்தகடு பாத்து வாங்கிட்டு வா. இது பல்லு போன கிழவன் மாதிரி ஆயிடுச்சு. கல்லு மேல வழுக்குது, கடிக்கவே மாட்டேங்குது."

"என்ன மாதிரி வாங்கட்டும்?"

"தட்டையா இருக்கணும். வேறென்ன? மாதிரிக்குப் பழசையே கொண்டுபோ."

வைரத்தகடு இல்லாமல் அந்தப் பட்டறையில் பொழுது விடியாது. இழைப்புளியின் பிளேடைத் தீட்டத் தீட்டத் தீட்டுக்கல் குழிந்துகொண்டே போகும். குழிந்த கல்லில் தீட்டினால் பிளேடின் விளிம்பும் கோணிப்போகும். அதனால் காலையில் வந்ததும் முதல் வேலை, வைரப்பொடி பதித்த தகட்டைக் கல்லின் மேல் வைத்து, தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கல்லைச் சமமாக்குவது. தகட்டின் ஒரு முனையில் பட்டறையின் பெயர் வெட்டியிருக்கும். அந்தப் பெயர் சுவரில் இருக்கும் சாமி மாடத்தைப் பார்த்தபடிதான் இருக்கவேண்டும். தலைகீழாக வைத்தால் மேஸ்திரி கொன்றுவிடுவார். ஒகயாமாவில் பெயரும் கிடையாது, மாடமும் எதிரில் கிடையாது. முதல் நாளே சாயோ தகட்டைத் திருப்பிப் பிடித்து வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

*

கிக்குவேயின் கடையில் உளியும் சுத்தியலும் ரம்பமும் கூரைவரை தொங்கின. கிக்குவே ஐம்பதைத் தாண்டியவள், புருஷன் பேரில் இருந்த கடையைத் தன் பேருக்கு மாற்றி எழுதிக்கொண்டவள். வாய் கொஞ்சம் நீளம்.

"வைரத்தகடா? மேஸ்திரி உன்னையா அனுப்பினாரு? பரவால்லையே, பதவி உயர்வு!"

"கிண்டல் பண்ணாதீங்க அக்கா. நல்லதா நாலு எடுத்துப் போடுங்க."

கிக்குவே பெட்டிகளை அடுக்கினாள். ஒன்று மெல்லிய தகடு, அலுமினியக் கட்டையில் ஒட்டியது. இன்னொன்று கனத்த எஃகு, உடம்பெல்லாம் சிறுசிறு பள்ளம். மற்றொன்றில் வைரம் மிகப் பொடி. தடவினால் பட்டு மாதிரி. சாயோ பையிலிருந்து கழித்துப்போட்ட தீட்டுக்கல் ஒன்றையும் பென்சிலையும் எடுத்தாள். அவள் கேட்பதற்கு முன்பே கிக்குவே தண்ணீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"சோதிச்சுப் பாக்க விடுவீங்களா?"

"விடலைன்னா நீ விடவா போற? மாப்பிள்ளை பாக்க வந்து பல்லை எண்ணிப் பாக்கிறவ நீ."

முதலில் பட்டுத் தகடு. கல்லில் பென்சிலால் கட்டம் போட்டு, தண்ணீர் தெளித்து, தகட்டை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் தகடு கல்லோடு கவ்விக்கொண்டது. இரண்டு ஈரக் கண்ணாடி ஒட்டிக்கொண்ட மாதிரி. இழுத்தால் கல்லும் கூடவே வருகிறது. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்கவேண்டியதாயிற்று.

"இது கல்யாணமே முடிஞ்சுபோச்சு," என்றாள் கிக்குவே மூச்சு வாங்க. "வேண்டாம், வை."

அடுத்து, அலுமினியக் கட்டையில் ஒட்டிய சொரசொரப்பான தகடு. பென்சில் கோடு சட்டென்று அழிந்தது, ஆனால் கல்லில் பூனை பிறாண்டின மாதிரி கீறல். கடைசித் தீட்டுக்கு வைத்திருக்கும் நயமான கல்லில் இதைப் போட்டால் அந்தக் கீறலை அழிக்கவே பாதிக் கல் கரைந்துபோகும். நடுத்தரம்தான் வேண்டும். பள்ளம் இருந்தால் தண்ணீர் வடிய வழி இருக்கும், கவ்வாது. எஃகுத் தகடுதான் என்று கை போய்விட்டது.

ஆனால் தட்டையா?

சாயோ தன் எஃகு ஸ்கேலை விளிம்பு படும்படி தகட்டின் மேல் நிறுத்தி, பின்னாலிருந்து போன் வெளிச்சத்தைக் காட்டினாள். ஸ்கேலுக்கும் தகட்டுக்கும் நடுவில் மயிரிழை போல ஒரு வெளிச்சம்.

"குழி," என்றாள்.

"அது நல்ல கம்பெனி, பொண்ணே."

"கம்பெனி நல்லதா இருக்கட்டும். இது குழி. இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?"

இருந்தது. அதே பெட்டி, அதே விலை, அதே அச்சு. ஸ்கேலை நீளவாக்கில் வைத்தாள், குறுக்கே வைத்தாள், மூலைக்கு மூலை வைத்தாள். வெளிச்சம் எங்கேயும் புகவில்லை. ஸ்கேலே கோணலாக இருந்துவிட்டால் என்ற சந்தேகத்தில் அதைத் திருப்பிப் போட்டும் பார்த்தாள். கிக்குவே தன் கடை ஸ்கேலைக் கொடுத்தாள். அதிலும் இருட்டுதான்.

"எடுத்துக்கிறேன். பேரு எதுவும் வெட்டவேண்டாம்."

"முரோய் கத்துவாரே?"

"கத்தட்டும்."

பெட்டியைக் கட்டப்போன கிக்குவேயை நிறுத்திவிட்டு, சாயோ சும்மா ஒரு ஆசைக்குப் பட்டறையின் பழைய தகட்டை எடுத்து வைத்தாள். குறுக்கே ஸ்கேலை நிறுத்தி வெளிச்சம் காட்டினாள். காட்டியவள் அப்படியே குனிந்து நின்றுவிட்டாள். கல்லின் மேல் கவிழ்க்கும்போது இடது பக்கம் வருகிற ஓரம் மேல்நோக்கி எழும்பியிருந்தது. ஸ்கேல் அந்த ஓரத்தில் ஏறி நிற்க, அதன் பக்கத்தில் சாத்திய கதவுக்கடியில் தெரிகிற மாதிரி வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது.

"அடேயப்பா," என்றாள் கிக்குவே. "எவனோ கீழ போட்டிருக்கான்."

இடது ஓரம். பெயர் எப்போதும் சாமியைப் பார்த்தபடி. ஆகவே இந்த வளைவு எப்போதும் கல்லின் இடது பக்கத்தையே தின்றுகொண்டிருக்கிறது. யாராவது ஒருநாள் தகட்டைத் திருப்பிப் பிடித்திருந்தால் இரண்டு பக்கமும் தேய்ந்து விஷயம் வெளியே வந்திருக்கும். திருப்பியவள் அவள் ஒருத்திதான், அதுவும் முதல் நாளே திட்டு வாங்கி நிறுத்திவிட்டாள். கல்லின் இடது பக்கம் பள்ளம். அதில் நேராக வைத்துத் தீட்டினால் பிளேடின் இடது முனை கல்லைத் தொடவே தொடாது. தொடாத முனை மழுங்கித்தான் இருக்கும். மழுங்கின முனை கிழிக்காமல் என்ன செய்யும்?

சாயோவுக்கு முதலில் கோபம் வந்தது. இரண்டு வருஷக் கூரை உத்திரம் முழுக்கக் கண்முன்னால் வரிசை கட்டி நின்றது. கடைவாசலுக்கு வரும்போது கோபத்தைத் தள்ளிவிட்டு ஒரு கேள்வி முன்னால் வந்து உட்கார்ந்தது. அதே தகட்டில் தேய்த்த கல்லில் தீட்டுகிற மேஸ்திரிக்கு மட்டும் சீவல் எப்படி முழுசாக வருகிறது? தெய்ஜிக்கு எப்படி வருகிறது?

*

அன்று பிற்பகல் முழுக்க அவள் தன் வேலையைச் செய்யவில்லை. உத்திரத்தைத் துடைக்கிற மாதிரி நின்றுகொண்டு, மேஸ்திரி தீட்டுவதைப் பார்த்தாள். முதுகு, தோள், முழங்கை எல்லாம் சரி. பிளேடின் மேல் பதிந்த விரல்களைப் பார்த்தாள். வலது கை விரல்கள் இலேசாகக் கிடந்தன. இடது ஆள்காட்டி விரல் மட்டும் நகம் வெளுத்துப் போகிற அளவுக்கு இடது முனையை அழுத்திக்கொண்டிருந்தது.

தெய்ஜியின் பக்கம் போனாள். அதே விரல், அதே வெளுத்த நகம்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மேஸ்திரி, இடது விரலை ஏன் அவ்வளவு அழுத்துறீங்க?"

"யாரு அழுத்துறா?"

"நீங்கதான். நகத்தைப் பாருங்க."

அவர் நகத்தைப் பார்த்தார். அவர் பார்த்த நேரத்தில் விரல் தளர்ந்து, நகம் சிவந்துவிட்டது. "நான் அழுத்தவே இல்ல. தகடு வாங்கிட்டு வரச் சொன்னா ஜோசியம் பாக்கிறயா?"

சாயோவுக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. பழைய தகட்டையும் ஸ்கேலையும் அவர் முன்னால் வைத்துச் சொல்லிவிட்டாள். தகடு கோணல். அது கல்லைக் கோணலாக்குகிறது. இங்கே தொழில் கற்றவர்களின் விரல் அந்தக் கோணலுக்கு ஈடுகட்டப் பழகிவிட்டது. யாருக்கும் தெரியாது, விரலுக்கு மட்டும் தெரியும். நேரான கல்லில் கற்றவள் இங்கே அவள் ஒருத்திதான். அதனால் கிழிவதும் அவளுக்கு மட்டும்தான்.

தெய்ஜி எழுந்து வந்தான். "அப்ப எங்க கையெல்லாம் கோணல், உன் கை மட்டும் நேர். அதானே சொல்ற?"

"அதான் சொல்றேன்."

"சனிக்கிழமை தோத்துடுவோம்னு பயம் இவளுக்கு. இப்பவே சாக்கு தயார் பண்றா."

"சாக்கா? சரி, சனிக்கிழமை எல்லாரும் புதுத் தகட்டுல சமமாக்கின கல்லுலயே தீட்டலாம். மேஸ்திரியும்தான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயை மூடிக்கொண்டு தன் கல்லை மட்டும் புதுத் தகட்டில் தேய்த்திருந்தால் சத்தமில்லாமல் ஜெயித்திருக்கலாம். இப்போது தன் ஊகம் தப்பாகப் போனால் வேலையே போய்விடும். மேஸ்திரி தாடையைச் சொறிந்தார்.

"சரி," என்றார். "நானும் தீட்டுறேன். நல்லா வந்துட்டா நீ வாயைத் திறக்கக் கூடாது. போட்டி முடியறவரைக்கும்."

*

சனிக்கிழமை காலையில் கற்களைச் சமமாக்கியது சாயோதான். புதுத் தகட்டில் உதிர்கிற வைரத்துகள் கல்லில் தங்கிவிட்டால் பிளேடில் பல் விழும். அதனால் முந்தின நாளே கழித்துப்போட்ட கல்லில் தகட்டைப் பழக்கி, கழுவி வைத்திருந்தாள். குறை சொல்ல ஒரு துகள்கூட இருக்கக் கூடாது என்ற வீம்பு.

முதலில் மேஸ்திரிதான் தீட்டினார். அவர் இழைக்கிறபோது பட்டறையில் யாரும் பேசமாட்டார்கள். இழைப்புளியை வைத்தார், மூச்சை அடக்கினார், இழுத்தார். சீவல் எழுந்தது. பாதி தூரம் வருவதற்குள் இடது ஓரம் நாராகப் பிய்ந்து தனியே தொங்கியது.

அவர் மறுபடி தீட்டினார். மறுபடி இழுத்தார். இந்தத் தடவை இன்னும் மோசம். பதறினால் விரல் இன்னும் அழுத்தும் போலிருக்கிறது. பிறகு தெய்ஜி. அவனுக்கும் அதே ஓரம், அதே நார்.

சாயோ தன் பிளேடைத் தீட்டி எடுத்தாள். இப்போதும் கிழிந்தால் மணிக்கட்டு என்பார்கள் என்ற நினைப்பைத் தள்ளிவைத்தாள். கட்டையின் கடைசியில் இழைப்புளியைப் பதித்து இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். சீவல் எழுந்தது, வளர்ந்தது, அவள் தோளைத் தாண்டிப் பறந்து தரையில் படுத்தது. முழு அகலம். இரண்டு ஓரமும் கத்தரியால் வெட்டியது மாதிரி நேர்.

"தகடு கோணல்," என்றார் மேஸ்திரி.

"எந்தத் தகடு?"

"புதுசுதான். உன் கைக்குத் தோதா ஒரு கோணல் தகட்டைப் பொறுக்கிட்டு வந்திருக்க. ஸ்கேல்ல பாத்தேங்கற. ஸ்கேல் நேர்னு யாரு சொன்னா?"

கேள்வி நியாயம்தான் என்பதுதான் அவளை எரிச்சலூட்டியது. அவளுக்கே கடையில் வந்த சந்தேகம்தானே. தகட்டை ஸ்கேல் சோதிக்கிறது, ஸ்கேலை எது சோதிக்கும்? அதைச் சோதிப்பதை?

"அப்ப ஸ்கேலும் வேண்டாம், தகடும் வேண்டாம்," என்றாள். "மூணு கல்லை எடுங்க. நீங்களே தேய்ங்க. நான் தொடமாட்டேன்."

இரண்டு கல்லை ஒன்றோடொன்று தேய்த்தால் ஒன்று குழிந்து, மற்றது புடைத்து, இரண்டும் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டு உலகத்தை ஏமாற்றலாம். மூன்றாவது கல்லோடு மாற்றி மாற்றித் தேய்த்தால் அந்தக் கூட்டு உடைந்துவிடும். குழியோடும் புடைப்போடும் ஒரே சமயத்தில் பொருந்த, தட்டையான பரப்பைத் தவிர வேறு எதனாலும் முடியாது. மேஸ்திரிக்கும் இது தெரியும். தகடு வருவதற்கு முன்னால் எல்லாரும் செய்ததுதான். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கல்லை இரண்டாவதோடு, இரண்டாவதை மூன்றாவதோடு, மூன்றாவதை முதலோடு. கல்லைத் திருப்பித் திருப்பி வைத்தார். சாப்பாட்டு நேரம் போனது. சோற்றுருண்டையை வாயில் வைத்துக்கொண்டே தெய்ஜி தண்ணீர் ஊற்றினான்.

தேய்த்து முடித்து, கழுவித் துடைத்து, இரண்டு கல்லின் மேல் அவரே பென்சிலால் கட்டம் போட்டார். ஒன்றின் மேல் புதுத் தகட்டை வைத்து இழுத்தார். கட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெளிறியது. எந்த மூலையும் முந்தவில்லை, பிந்தவில்லை.

இன்னொன்றின் மேல் பழைய தகடு. பெயர் சாமி மாடத்தைப் பார்த்தபடி. இழுத்தார். இடது பக்கக் கோடுகள் துடைத்த மாதிரி போயின. வலது பக்கம் போட்ட கோடு போட்டபடி கருகருவென்று நின்றது.

தெய்ஜி சோற்றை விழுங்க மறந்து நின்றான். "நம்ம விரலு..." என்றான்.

"வாயை மூடு," என்றார் மேஸ்திரி. கோபமாக இல்லை. தன் இடது விரலைத் தூக்கி, யாருடைய விரலோ என்பது போல முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போட்டிக்கு சாயோ வரா," என்றார்.

"அப்ப நான்?"

"உன் விரலு என்கிட்ட கத்துக்கிட்ட விரலுடா. அடுத்த வருஷம் பாப்போம். எனக்கே இந்த வருஷம் தேறுமான்னு தெரியல." சாயோவின் பக்கம் திரும்பினார். "அந்த வரவேற்பறைத் தூணை திங்கட்கிழமை நீ எடுத்துக்க."

இரண்டு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை. வந்தபோது அது மட்டும் போதவில்லை.

"மணிக்கட்டு?" என்றாள்.

"யாரோட மணிக்கட்டு?"

"என்னோடதுதான். வாரம் தவறாம சொன்னீங்களே."

மேஸ்திரி அவள் மணிக்கட்டைப் பார்த்தார். "அதுல ஒண்ணும் குறை இல்ல," என்றார் மெதுவாக. "நீதான் முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"ஓரம் ஒரே இடத்துல கிழியுதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? நீங்க ஒரு தடவை பாத்திருக்கலாம்."

தெய்ஜி தரையைப் பார்த்தான். இந்தப் பட்டறையில் மேஸ்திரியிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் சுருளை எடுத்து, இடது ஆள்காட்டி விரலை நடுவிரலோடு சேர்த்துச் சுற்றினார். ஒரு கையால் சுற்ற வரவில்லை. "பிடி," என்றார். சாயோ பிடித்து ஒட்டிவிட்டாள்.

"பாத்திருக்கணும்தான்," என்றார் கல்லின் முன்னால் மண்டியிட்டபடி. "இப்ப நீ எதிர்ல உக்காந்து என் விரலைப் பாரு. அழுத்தினா சொல்லு."

சாயோ எதிரில் உட்கார்ந்தாள். அவர் பிளேடைக் கல்லின் மேல் வைத்து முன்னும் பின்னும் இழுத்தார்.

"அழுத்துறீங்க."

"ம்." கையைத் தளர்த்தினார். மறுபடி இழுத்தார். "இப்ப?"

"இப்பவும்தான்."

"கட்டுப் போட்டுமா?"

"ரெண்டு விரலாலயும் சேர்ந்து அழுத்துறீங்க, மேஸ்திரி."

தெய்ஜி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். மேஸ்திரி கையை உதறி, நீண்ட மூச்சு விட்டு, பிளேடை மறுபடி கல்லின் மேல் வைத்தார். சாயோ குனிந்து அவர் நகத்தையே பார்த்தாள். முதல் இழுப்பில் அது சிவப்பாக இருந்தது. இரண்டாவதிலும் சிவப்பு. மூன்றாவதில் மெல்ல வெளுக்க ஆரம்பித்தது.

"அழுத்துறீங்க," என்றாள்.